வெள்ளைப் பொட்டு

முதல் மேசைக்குப் போய்விட்டார். நடை சரியாக இருக்கிறது. சட்டைப் பட்டன் சரியாக இருக்கிறது, நான்தான் போட்டுவிட்டேன், வாசலில் வைத்து, ஏதோ தூசி தட்டிவிடுகிற மாதிரி. பின்னாலிருந்து பார்த்தால் இந்த ஹாலில் இவ்வளவு நிமிர்ந்த முதுகு வேறு யாருக்கும் கிடையாது. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன சென்னியப்பன், எங்கள் கள்ளிச்செடிக் கிளப்பின் நடுவர், என் வீட்டுக்காரர். பக்கத்தில் அட்டையும் பேனாவுமாகச் செக்ரட்டரி சுகந்தி. அவர் சொல்கிற மார்க்கை அவள் எழுத வேண்டும், மற்ற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பள்ளிக்கூடத்து டிராயிங் ஹாலை வாங்கிக்கொண்டு, பெஞ்சுகளை ஓரந்தள்ளி, மேசைகள்மேல் கறுப்புத் துணி விரித்து, தொட்டிகளைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டுப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வோம். தன் செடி எது என்று முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. தொட்டியில் பெயர் இல்லை, நம்பர் மட்டும். முடிவு சொன்ன பிறகு நம்பரைக் கூப்பிடுவார்கள், வளர்த்தவர் எழுந்து நிற்பார், கைதட்டுவோம். நான் எத்தனையோ வருஷமாகக் கைதட்ட மட்டும் வருகிறவள். நடுவர் வீட்டுச் செடி போட்டிக்கு வரக் கூடாது, அது விதி, அந்த விதியைப் போட்டதே அவர்தான். இன்றைக்கு வந்திருக்கிறது. கடைசி மேசை, ஜன்னல் ஓரம், இருபத்தேழாம் நம்பர். விதை போட்டு முளைக்கவைத்து, நாற்பது வருஷமாக அவர் கையால் வளர்ந்த கிழவன் கள்ளி. நான்தான் துணிப்பையில் மூடிக் கொண்டுவந்து, மேசை போடுகிற பரபரப்பில் வைத்தேன், அவருக்கும் யாருக்கும் தெரியாமல். அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வர வேண்டும். சாரதா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று இத்தனை பேர் முன்னால் கத்த வேண்டும். கத்தினால் போதும், பூங்கொடிக்குப் போன் போட்டு, நாளைக்கு டாக்டரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உங்கப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். கத்தவில்லை என்றால். கத்துவார்.

தெய்வானை என் காதுக்குப் பக்கத்தில் முறுக்கு கடிக்கிறாள். மண்டைக்குள் கடிக்கிற மாதிரி இருக்கிறது. "சாரதாக்கா, ஐயா இன்னைக்கு நெம்ப நேரம் எடுத்துப் பாக்கறாருங்க. போன தடவ பட்டுபட்டுன்னு முடிச்சுட்டாரு" என்கிறாள். நிதானமாகப் பார்க்கட்டும் தெய்வானை, உனக்கென்ன வீட்டில் அடுப்பா காயுது என்று சொன்னேன். சிரித்தாள். அவளுடைய செடி இரண்டாவது மேசையில் இருக்கிறது, மூன்றாவது தொட்டி, வரிவரியாக, இலை தடித்த குட்டிச் செடி. அதைப் பார்க்கவே கூடாது என்று அவள் அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு முறுக்கு தின்பதிலேயே இந்த ஹால் முழுக்கத் தெரிந்துபோயிற்று. என் முகத்தில் தெரிகிறதா. நான் ஃபேனைப் பார்க்கவில்லை, அவர் கழுத்தைப் பார்க்கிறேன். கழுத்துக்குப் பின்னால் முடியை நன்றாகத்தான் வாரிவிட்டேன். பூங்கொடி போன வாரம் ஈரோட்டிலிருந்து பேசினாள். "டாக்டர் ஒண்ணும் ஊசி போட மாட்டாரும்மா. மூணு வார்த்த சொல்லுவாரு, சித்த நேரங்கழிச்சு அதையே திருப்பிக் கேப்பாரு. ஒரு கடிகாரம் வரையச் சொல்லுவாரு. அவ்வளவுதான், இதுக்குப் போய் ஏம்மா பயப்படறீங்க." கடிகாரமா. ஷிப்ட் ஷிப்டாக மில் சங்கைக் கேட்டு வாழ்ந்த மனுஷனைக் கடிகாரம் வரையச் சொல்வதா. மிஷின் ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டு, எட்டாவது வரிசையில் நூல் அறுபடுது போய்ப் பாருங்கடா என்று சொன்னவர். ஆப்பிள், நாற்காலி, நாய் என்று மூன்று வார்த்தை சொல்லி, திருப்பிச் சொல்லு பார்க்கலாம் என்று யாரோ ஒரு கண்ணாடி போட்ட பையன் கேட்பானாம். அவர் என் முகத்தைப் பார்ப்பார். அதுதான் என்னால் முடியாது. இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார், கடைக்காரர் எவ்வளவு சீனி என்று கேட்டால்கூட. ஆப்பிளும் நாயும் எவனுக்கு வேண்டும். அவருக்குத் தெரிந்ததை வைத்துக் கேள், அப்புறம் சொல், மறந்துபோச்சு என்று. அதனால்தான் இருபத்தேழு. இது என் பரீட்சை. இங்கே அவர் என் முகத்தைப் பார்க்க முடியாது, நான் கடைசி வரிசையில் இருக்கிறேன், அவருக்கு முதுகுதான் என் பக்கம். அதுவும் யோசித்துத்தான் உட்கார்ந்தேன். வினை பிடித்தவள் நான்.

இரண்டாவது மேசை. குனிகிறார். வலது கை நடுவிரலை மடக்கி, விரலின் முதுகுப்பக்கத்தால் செடியின் அடியைத் தொடுகிறார், முள்ளில் படாமல் உள்ளே போய்த் திரும்பி வருகிறது விரல். அது மாறவே இல்லை. கிளப்புக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். மேலே பார்த்து ஏமாந்து போகாதீங்க, மேலே பச்சையா, கிண்ணுனு, பூவோடகூட இருக்கும், உள்ளே கூழாப் போயிருக்கும், மாசக்கணக்காத் தெரியாது, அடியைத் தொட்டுப் பாருங்க என்பார். அவர் மத்தியானம் தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நல்ல நிறம். பல் எல்லாம் சொந்தப் பல். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. எங்கே தொட்டுப் பார்ப்பது. சே, என்ன நினைப்பு இது, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக. சுகந்தி எழுதுகிறாள், அவர் ஏதோ சொல்ல அவள் தலையாட்டுகிறாள், சிரிக்கிறாள். சிரித்தால் சரி. தெய்வானையின் செடிக்கு வந்துவிட்டார், அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். தொட்டியின் மேலே போட்டிருக்கிற கூழாங்கல்லைப் பார்க்கிறார். கல் அழகாத்தான் இருக்குது, செடியவிடக் கல்லு அழகா இருக்கக் கூடாதுங்க என்று சொல்கிறார், இங்கே வரைக்கும் கேட்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், தெய்வானையும்தான், என் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரிக்கிறாள். எனக்கு ஒரு நிமிஷம் மனசு நிறைந்துபோயிற்று. இவரைப் போய் டாக்டரிடம் கூட்டிப்போவார்களா யாராவது. அப்புறம் அவர் அடுத்த தொட்டிக்குப் போனார், நின்றார், நிமிர்ந்து சுகந்தியிடம் கேட்டார். "இது பொன்னுரங்கத்துதுங்களா? அவன் எங்க, காங்கலியே?" பொன்னுரங்கம் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். இந்த மனுஷன்தான் முதல் மாலையைப் போட்டார், சுடுகாட்டிலிருந்து வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. சுகந்தி பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "அவருகிட்ட வாங்கின குட்டியா இருக்குமுங்க" என்றாள். நல்ல பிள்ளை, அவளுக்கு நான் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும், அல்லது சொல்லவே கூடாது. "ஆமா, அவன் கைதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். தெய்வானை என்னைப் பார்க்கிறாள் என்று தெரிகிறது. நான் பார்க்கவில்லை.

பெயர் குழம்புவதெல்லாம் ஒன்றுமில்லை, எனக்கும்தான் குழம்புகிறது, பூங்கொடியை என் தங்கச்சி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எனக்குப் பொட்டுதான். அவருடைய தொட்டி எல்லாவற்றிலும் விளிம்பில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பொட்டு இருக்கும். வெயில் வருகிற பக்கமாகச் செடி சாயும், சாயாமல் நேராக வளர வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பிவைக்க வேண்டும், எது எவ்வளவு திரும்பியது என்று தெரிவதற்காகப் பொட்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மாடிக்குப் போய் ஒவ்வொன்றாகத் திருப்புவார், சாமி கும்பிடுகிற மாதிரி, அதை முடித்துவிட்டுத்தான் காப்பி. மொட்டை மாடியில் எல்லாப் பொட்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும், இந்த வாரம் கிழக்கு, அடுத்த வாரம் தெற்கு. துணி காயப்போடப் போகும்போது எனக்குச் சிரிப்பாக இருக்கும், ஸ்கூல் பிள்ளைகள் வரிசையில் நின்று பக்கம் திரும்புகிற மாதிரி. அப்புறம் ஒரு நாள் துணி போட்டுக்கொண்டிருக்கும்போது தோன்றிற்று, போன வாரமும் பொட்டு மேற்கே அல்லவா இருந்தது என்று. அடுத்த வாரமும் மேற்கு. அதற்கு அடுத்த வாரமும். யாருக்கும் சொல்லவில்லை. அவரிடமும் கேட்கவில்லை. நானே திருப்பியிருக்கலாம், ஒரு பத்து நிமிஷ வேலை, கையா வலிக்கப்போகிறது. ஆனால் நான் திருப்பிவிட்டால் அவர் திருப்பினாரா என்று எனக்கு எப்படித் தெரியும். அப்படியே விட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் துணியைச் சாக்குவைத்து ஏறிப்போய்ப் பார்ப்பேன். மேற்கே. மேற்கே. இத்தனை செடியும் என்னை முறைக்கிற மாதிரி இருக்கும். திருப்ப மறந்தவர் தண்ணீர் ஊற்ற மறக்கவில்லை, அதுதான் கொடுமை. காலையில் ஊற்றினதை மறந்து மத்தியானம் ஊற்றுவார், சாயங்காலம் ஊற்றுவார். கள்ளிக்குத் தண்ணீர்தான் விஷம். ஒவ்வொன்றாக அழுகி, தொட்டால் கையோடு வந்தது. நான் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன், வெற்றுத் தொட்டியை அடுக்கிவைத்தேன். எங்கே என்று அவர் கேட்பார் கேட்பார் என்று பதில் எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். கேட்கவே இல்லை.

கேட்கவில்லை, ஆனால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சாரதா, மாடியில ஒருத்தன் வந்து தண்ணி ஊத்திட்டுப் போறான். செடியெல்லாம் அவன்தான் கொல்றான். கதவப் பூட்டி வெய்யி." யாருங்க என்றேன். "தெரியலையே. என்ற பூவாளியத்தான் எடுத்து ஊத்தறான்." என் கையில் ரசக் கரண்டி. சரிங்க, பூட்டி வைக்கறேன் என்றேன். பூட்டினேன். சாவியை அரிசிப் பானைக்குள் போட்டேன். அன்றைக்கு அழுதேன், சத்தம் போடாமல், குழாயைத் திறந்துவிட்டு. ஆனால் இது அழுகையோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம் எனக்கே மாடிக்குப் போகப் பயமாகிவிட்டது. பட்டப்பகலில், துணி வாளியோடு. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளும்போது அங்கே யாராவது பூவாளியோடு நிற்பானோ என்று முதலில் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் பார்த்துக்கொள்வேன். யார் நிற்பார்கள், கீழே ஹாலில் பேப்பரைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்தான் அவன், தெரியும், தெரிந்தும் பயம். அவன் இவரை மாதிரியே இருப்பானா, இதே சட்டை போட்டிருப்பானா, என்னைப் பார்த்தால் என்ன சொல்லுவான். சில சமயம் கொடியில் துணியைப் போட்டுத் திரும்பும்போது ஈரத் துண்டு கழுத்தில் பட்டால்கூட உடம்பு தூக்கிப்போடும். கிழவன் கள்ளி பிழைத்தது மாடியில் இல்லாததால்தான். அது மாடிப்படி வளைவில் ஜன்னல் திட்டில் இருந்தது, மாடியிலேயே கிடக்கிற பூவாளி அங்கே இறங்கி வருவதில்லை. பூங்கொடி சின்னதாக இருக்கும்போது படியேறும் போதெல்லாம் அதைப் பார்த்து என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். தூண் மாதிரி நிற்கிற உடம்பு, உடம்பு முழுக்க வெள்ளை முடி, முடிக்குள்ளே முள். தாத்தாவுக்கு மூஞ்சி எங்கேம்மா என்பாள். இவர் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தாத்தா திரும்பி நிக்கறாரு கண்ணு, உன்னயப் பாக்க வெக்கம் என்பார்.

மூன்றாவது மேசை முடிந்தது. சுகந்தி தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள், குடிக்கிறார், மூடியை மூடுகிறார், சரியாக மூடுகிறார். இனி கடைசி மேசை. இருபத்திரண்டிலிருந்து ஆரம்பிக்கிறது. எனக்கு இப்போது எழுந்து போய் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருக்கிறது. இந்தப் பரீட்சை நியாயமே இல்லை. படிவளைவில் இருக்க வேண்டியதைக் கறுப்புத் துணியின்மேல் வைத்தால் யாருக்குத்தான் அடையாளம் தெரியும், மில் யூனிபாரத்தில் பார்த்த ஆளைக் கல்யாணத்தில் பார்த்தால் தெரியாமல் போவதில்லையா. அதிலும் நேற்று நான் அதைக் குளிப்பாட்டினேன். போட்டிக்கு வருகிற கிழவனுக்கு முடி அலசுவது வழக்கம், குழந்தை ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து, பழைய டூத்பிரஷால் மேலிருந்து கீழே, அப்புறம் நிழலில் காயவைத்துச் சீப்பால் வாரிவிடுவது. அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது வாஷிங் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன். அழுக்குத் தண்ணீர் ஓடிற்று, ஓடஓட முடி வெள்ளை வெளேர் என்று வந்தது. பூங்கொடியின் சின்ன வயசுச் சீப்பு. இன்றைக்குக் காலையில் அவசரத்தில் வேறு சீப்பு கிடைக்காமல் அதே சீப்பால் அவருக்கும் வாரிவிட்டேன், பாதி வாரினபிறகுதான் உறைத்தது, கை நின்றுவிட்டது. "ஏன் நிறுத்திட்டே" என்றார். ஒன்றுமில்லீங்க என்று மீதியையும் வாரினேன். அப்புறம் பொட்டு. வெள்ளைப் பொட்டு வைத்த தொட்டி என்றால் யார் வீட்டது என்று கிளப் முழுக்கத் தெரியும், அதை விட்டுவைத்தால் காலையிலேயே மாட்டிக்கொண்டிருப்பேன். பிளேடு எடுத்துச் சுரண்டினேன். பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்து மடியில் விழுந்தது, ஈர விரலால் தொட்டு எடுத்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. விளிம்பில் மண் நிறத்தில் ஒரு வெறும் இடம். முகத்தில் பொட்டில்லாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி. தூ, வாயைக் கழுவு. மனசை எதால் கழுவுவது. அவர் கண்டுபிடிக்காமல் போனால் அது சுரண்டினதால்தான், ஷாம்பூவால்தான், கறுப்புத் துணியால்தான். நான்தான் அவரைத் தோற்கடிக்கிற மாதிரி எல்லாம் செய்துவைத்துவிட்டேன். கண்டுபிடித்துவிடுங்க. என்னைத் திட்டுங்க. இந்த மாதம் முழுக்கத் திட்டுங்க, காப்பியைத் தட்டிவிடுங்க, எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இருபத்தைந்து. இருபத்தாறு, அதில் ஒரு பூ இருக்கிறது, குனிந்து பார்க்கிறார், பூவுக்கு மார்க் இல்லைங்க, அது அதுபாட்டுக்குப் பூக்கும் என்கிறார். நகர்ந்தார். நின்றார். இப்போது முதுகு தெரியவில்லை, ஜன்னலிலிருந்து வெளிச்சம் வருவதால் அவர் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறார், மூக்கும் நெற்றியும் தெரிகிறது. கிழவனும் அவரும் ஒரே உயரத்தில், மேசைமேல் அது, தரையில் இவர், இரண்டு வெள்ளைத் தலை. கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். வேறெதையும் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. தெரிந்துவிட்டது. புருவம் சுருங்குகிறது, அது கோபம்தான், எனக்குத் தெரியாதா அந்தப் புருவத்தை. நான் நாற்காலியின் கீழ்க்கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். விரலை மடக்கி முடிக்குள்ளே விட்டார், அடியைத் தொட்டார், எடுத்தார். "கல்லாட்டம் இருக்குது" என்றார். அப்புறம் தலையைச் சாய்த்துக் கீழிருந்து மேல் வரைக்கும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், மில்லில் கம்பி நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அப்படித்தான். "விதையிலிருந்து வந்ததுங்க இது. வெட்டி வெச்சது இல்ல. இத வளத்தவரு கெட்டிக்காரரு." சுகந்தி எழுதுகிறாள். "ஆனா பாருங்க, கீழிருந்து இது வரைக்கும் நூல் புடிச்சாப்பல நேரா வந்திருக்குது. மேல இந்த ரெண்டு விரக்கட மட்டும் சாயுது. இத்தன வருசம் வாரந் தவறாமத் திருப்பி வெச்ச மனுசன், கொஞ்ச நாளாத் திருப்பவே இல்ல." சாய்ந்ததுக்கு மார்க் குறைக்கட்டுங்களா என்று சுகந்தி கேட்டாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, நான் காத்துக்கொண்டிருந்த அதே கோபம், ஆனால் அது என்மேல் இல்லை. "சோம்பேறி இல்லீங்க இவரு. சோம்பேறிக்கு இப்பிடி வளருமா? இவருக்கு என்னமோ ஆயிப்போச்சு. யாராச்சும் வீட்டுக்குப் போய் ஒரு எட்டு அவரப் பாத்துட்டு வாங்க." சொல்லிக்கொண்டே கை நீண்டது. நடுவர் தொட்டியை நகர்த்தக் கூடாது, அதுவும் அவர் போட்ட விதிதான். கட்டைவிரல் தொட்டி விளிம்பில் ஏறி, விளிம்போடு மெதுவாகப் போயிற்று, எதையோ தடவித் தேடுகிற மாதிரி, ஒரு சுற்று, மறுபடி அரைச் சுற்று, நான் சுரண்டின இடத்துக்கு வந்து அங்கேயே நின்று தேய்த்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் செடிமேல் இருந்தது, கை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த இடத்தைப் பிடித்துத் தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தது. சுகந்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். அந்தக் கையைப் பார்த்தாள், அப்புறம் இத்தனை தலைகளையும் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"மொதப் பரிசு இதுக்குத்தானுங்க" என்றார். "இருபத்தேழு. யாருதுங்க?" யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் பக்கத்துப் பக்கத்து முகத்தைப் பார்க்கிறார்கள். தெய்வானை முறுக்குக் கையோடு திரும்பித் திரும்பி, "யாருது, யாருதுங்கக்கா" என்கிறாள். சுகந்தி அட்டையில் குனிந்துகொண்டாள். உட்கார்ந்தே இருந்துவிடலாம். இருபத்தேழு யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றுவிட்டுப் போகட்டும், எல்லோரும் போனபிறகு துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விடலாம், நாளைக்கு எட்டு மணி பஸ்ஸுக்கு ஈரோடு, கடிகாரம் வரையட்டும். ஆனால் அவர் அப்படியே நிற்கிறார், கையைத் தொட்டியிலிருந்து எடுக்காமல், யாராவது எழுந்திருப்பார்கள் என்று. வளர்த்தவர் எழுந்திருக்காமல் அவர் ஒரு நாளும் கைதட்ட விட்டதில்லை. இத்தனை பேர் முன்னால் அந்த மனுஷனை இன்னும் எவ்வளவு நேரம் நிற்க வைப்பது. எழுந்தேன். முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். அப்படிப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று, பயமில்லாமல், கேட்பதற்கு ஒன்று இருக்கிற மாதிரி, ஆசையாக. "சாரதா, உனக்குத் தெரியுமா அவர?" தெரியுங்க என்றேன். "நல்லா இருக்காரா?" அவரே அடுத்ததைக் கேட்டுவிட்டார். "வந்திருக்காரா இன்னைக்கு?" வந்திருக்காருங்க என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. தொட்டியிலிருந்து கையை எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு, கைகொடுக்கத் தயாராக முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வருகிறார்.